லெச்சே நகரை முதல்முறை சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு

தென் இத்தாலியின் பாரி நகரிலிருந்து காலை ரயிலில் போய், மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்றுதான் லெச்சேக்கு வருபவர்களில் பலர் திட்டமிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். நண்பகல் வெயிலில் இறங்கி நடந்தால் கடைகள் மூடிக்கிடந்தன, சுவர்கள் கண் கூசும் வெளுப்பில் தட்டையாகத் தெரிந்தன, தெருவில் ஆளே இல்லை. இதையா இவ்வளவு புகழ்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒரு நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு மேல் வெயில் சாய்ந்ததும் அதே சுவர்கள் தேன் நிறத்துக்கு மாறின. தட்டையாகத் தெரிந்த இடத்திலெல்லாம் முகங்களும் இலைகளும் பழங்களும் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. அன்று மாலை ரயிலை விட்டுவிட்டேன்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: லெச்சேயில் ஒரு இரவாவது தங்குங்கள், முடிந்தால் இரண்டு. ஊர் சின்னது. பழைய நகரத்தை அரை மணி நேரத்தில் குறுக்காக நடந்து கடந்துவிடலாம். ஆனால் ஒரே முகப்பை இரண்டு வேளை வெளிச்சத்தில் பார்க்கவில்லை என்றால் பாதிதான் பார்த்த கணக்கு.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

இத்தாலியின் குதிகால் என்று சொல்லப்படும் சலெந்தோ தீபகற்பத்தில், புலியா மாநிலத்தில் இருக்கிறது லெச்சே. அருகிலுள்ள விமான நிலையம் பிரிந்திசி, சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து லெச்சேக்கு நேரடிப் பேருந்து உண்டு, முக்கால் மணி நேரம் போல ஆகும். ரோமிலிருந்து வேக ரயிலில் வந்தால் ஐந்தரை மணி நேரம். பாரியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். அட்ரியாட்டிக் கரையோரமாக வரும் பெரிய ரயில் பாதை இங்கேதான் முடிகிறது, அதனால் இறங்கும் இடம் தவறிப்போகும் என்ற கவலை வேண்டாம். மாநில ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போகலாம், பத்து, பதினைந்து நிமிடம். பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய தெருக்களில் பாவியிருப்பது பெரிய கல் பலகைகள், சிறிய சக்கரம் அவற்றின் இடுக்கில் மாட்டும்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், பழைய நகரத்துக்குள் ஓட்டிக்கொண்டு போகவே போகாதீர்கள். அது கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. நுழைவாயில்களில் கேமரா இருக்கிறது, அனுமதி இல்லாத வண்டியின் எண்ணை அது படம் எடுத்துவிடும். என் நண்பர் ஒருவர் தங்குமிடத்தின் வாசல்வரை போய்ப் பெட்டியை இறக்கலாம் என்று ஐந்து நிமிடம் உள்ளே போய் வந்தார். மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வந்தது. நகருக்குள் நுழையுமுன்பே, மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதுதான் சரி.

தங்குவது மதிலுக்குள்ளேயே இருக்கட்டும். பழைய மாளிகைகளின் ஓர் அறையை, இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். வெளியில் பார்த்தால் வெறும் மரக் கதவு. உள்ளே போனால் முற்றமும் எலுமிச்சை மரமும் இருக்கும். கோடையில் போகிறவர்கள் குளிர்சாதன வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர், இவைதான் நல்ல மாதங்கள். ஆகஸ்ட் மாதம் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். அந்த மாதம்தான் கிடைத்தது என்றால் 24 முதல் 26 வரை நடக்கும் காவல் புனிதரின் திருவிழாவையாவது ஒட்டிப் போங்கள். தெருவை மறித்து நிற்கும் மரச்சட்ட வளைவுகளில் வண்ண விளக்குகளை அடுக்கி ஏற்றுவார்கள்.

முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் எடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதாவது ஒரு பழைய வீட்டுச் சுவர் ஓரமாக நின்று, உதிர்ந்து கிடக்கும் கல் துணுக்கு ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும், மாவு மாதிரி. இதுதான் லெச்சேக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல் இது. குர்சி, மெல்பிஞ்ஞானோ போன்ற பக்கத்து ஊர்களின் சுரங்கங்களில் வெட்டும்போது சுறாப் பற்களும் மீன் எலும்புகளும் உள்ளே கிடைப்பதுண்டு.

வெட்டி எடுத்த புதிதில் இந்தக் கல் அவ்வளவு மென்மை. மரத்தைச் செதுக்குவது போலச் செதுக்கலாம். காற்றுப் பட்டு நாளாக நாளாகத்தான் இறுகும். செதுக்கி முடித்ததும் பாலைப் பூசி இறுக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பளிங்கில் ஒரு மாதம் பிடிக்கும் வேலை இதில் சில நாளில் முடியும் என்றால், சிற்பி ஏன் கையை நிறுத்துவான்? ஒரு தூணில் ஒரு கொடி போதாது, கொடியில் பழம், பழத்தைக் கொத்தும் பறவை, பறவைக்கு மேலே ஒரு குழந்தை. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய பரோக் என்ற கட்டடப் பாணி லெச்சேயில் இவ்வளவு அலங்காரமாகப் பெருகியதற்குப் பணமும் பக்தியும் காரணம்தான், ஆனால் முதல் காரணம் இந்தக் கல்.

அதே மென்மைக்கு விலையும் உண்டு. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் நிலம், உப்புக் காற்று ஓயாது. பல சுவர்களில் கல் தேன்கூடு போலக் குழிந்து அரித்திருப்பதைப் பார்ப்பீர்கள். மூக்கு கரைந்த தேவதைகள், விரல் இல்லாத புனிதர்கள். அதனால் முகப்புச் சிற்பங்களைத் தொடாதீர்கள், குழந்தைகளை அதன்மேல் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். விரலால் தேய்க்கிற அளவுக்கு உதிரும் கல் என்பதை நினைவில் வையுங்கள்.

கையோடு ஒரு சின்ன தொலைநோக்கி எடுத்துப் போங்கள். இந்த ஊருக்கு அதைவிட உதவும் பொருள் கிடையாது. நல்ல வேலைப்பாடு எல்லாம் தலைக்கு மேல் பத்து, இருபது மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

முதல் மாலை: ஊரின் நடு முற்றம்

பெட்டியை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஐந்தரை மணிக்கு பியாட்சா சாந்தொரோன்சோவுக்குப் போங்கள். சதுக்கத்தின் பாதி தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாக இருக்கும். அது ரோமானியர் காலத்து வட்டரங்கம். 1901இல் வங்கிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோதுதான் அது அங்கே இருப்பது தெரிந்தது. இப்போது தெரிவது ஒரு பகுதி மட்டுமே, மீதி சதுக்கத்துக்கும் சுற்றியுள்ள கட்டடங்களுக்கும் அடியில் கிடக்கிறது. கம்பி வேலி ஓரமாக நின்றே நன்றாகப் பார்க்கலாம்.

பக்கத்தில் உயரமான தூண், உச்சியில் ஊரின் காவல் புனிதர் ஒரோன்சோ. அந்தத் தூண் இந்த ஊருடையது அல்ல. ரோமிலிருந்து வந்த அப்பியா நெடுஞ்சாலை முடியும் இடத்தில், பிரிந்திசித் துறைமுகத்தில் நின்ற இரட்டைத் தூண்களில் ஒன்று. 1656இல் நேப்பிள்ஸ் அரசின் பெரும்பகுதியைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது லெச்சே தப்பியது. ஒரோன்சோதான் காத்தார் என்று நம்பிய மக்கள், சரிந்து கிடந்த அந்தத் தூணைப் பெற்று வந்து இங்கே நிறுத்தினார்கள். அதுவரை ஊருக்குக் காவல் புனிதை இரேனே. தேத்தீனர் துறவிகள் கட்டிய அவருடைய தேவாலயம் விட்டோரியோ இம்மானுவேலே தெருவில் இருக்கிறது. வாசலுக்கு மேலே சிலையாக அவர் இன்னமும் நிற்கிறார். போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

சதுக்கத்தின் தரையில் ஓக் மரத்தடியில் பெண் ஓநாய் நிற்கும் வட்டமான மொசைக் ஒன்று இருக்கும். அதுதான் நகரச் சின்னம். ஊர்க்காரர்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள், நாமும் அப்படியே போகலாம்.

ஏழு மணிக்கு மேல் ஊரே தெருவில் இறங்கும். தாத்தா பாட்டிகள் இஸ்திரி போட்ட சட்டையில் கைகோர்த்து நடப்பார்கள், பிள்ளைகள் பந்து உதைப்பார்கள். எங்கேயும் அவசரமாகப் போகாத இந்த மாலை நடையில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். அன்றைக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

மறுநாள் காலை: சாந்தா குரோச்சே

காலை ஒன்பது மணிக்கு, சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் உம்பெர்த்தோ தெருவில் நடந்தால் ஐந்து நிமிடத்தில் சாந்தா குரோச்சே பசிலிக்கா. முகப்பு மேற்கு நோக்கியது, அதனால் காலையில் நிழலில் இருக்கும். படம் எடுக்க இது நேரமில்லை, ஆனால் படிக்க இதுதான் நேரம். கண் கூசாது, சிற்பம் சிற்பமாகத் தெரியும்.

முகப்பைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். 1549இல் தொடங்கி 1695இல் முடிந்த வேலை, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு. கேப்ரியேலே ரிக்கார்தி தொடங்கிய கீழ்ப்பகுதி அடக்கமானது, வழவழப்பான ஆறு தூண்கள். அதன்மேல் ஒரு நீண்ட மாடம். அந்த மாடத்தைத் தோளில் சுமந்துகொண்டு வரிசையாக மனிதர்களும் விலங்குகளும் குந்தியிருக்கிறார்கள். தொலைநோக்கியை இங்கே திருப்புங்கள். தலைப்பாகை கட்டிய ஆட்கள் தெரிவார்கள். 1571இல் ஒட்டோமான் துருக்கியர் தோற்ற லெபாந்தோ கடற்போரில் பிடிபட்ட கைதிகள் அவர்கள் என்பார்கள். லெச்சேக்காரர்களுக்கு அந்தப் போர் தூரத்துச் செய்தி அல்ல. 1480இல் பக்கத்து ஒத்ராந்தோவை ஒட்டோமான் படை பிடித்தது, அந்தப் பயம் பல தலைமுறைகளுக்கு ஆறவில்லை. அந்தக் கைதிகளின் பக்கத்தில் சிறகு முளைத்த பறவை நாகம், ஓநாய், கழுகுத் தலைச் சிங்கம்.

மாடத்துக்கு மேலே அடக்கம் முடிந்துபோகும். நடுவில் பெரிய வட்டச் சாளரம், அதைச் சுற்றி வளையம் வளையமாக மாலைகள். இந்த மேல்பகுதியில் 1640களில் வேலை செய்தவர் சேசரே பென்னா. அவருக்குப் பின் வந்தவர் ஜுசெப்பே சிம்பாலோ. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கதவு வாசல்களைச் செய்த பிரான்செஸ்கோ அந்தோனியோ சிம்பாலோ இவருடைய தாத்தா.

உள்ளே போனதும், அந்தத் தாத்தா செதுக்கிய புனித பிரான்செஸ்கோ தி பாவோலாவின் பீடத்தைத் தேடுங்கள். புனிதரின் வாழ்க்கை 12 சிறிய புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறது. கால் மணி நேரம் அதன் முன்னாலேயே நிற்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பசிலிக்கா செலஸ்தீனர் துறவிகளுடையது. அவர்களின் பழைய மடம் இருந்த இடத்தை ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் கோட்டை எடுத்துக்கொண்டது. புதிய மடமும் தேவாலயமும் எழுந்த இந்தப் பகுதியில் அதற்கு முன் யூதர்கள் குடியிருந்தார்கள், அரச ஆணையால் வெளியேற்றப்பட்டவர்கள். அவர்களின் தொழுகைக் கூடம் இருந்த இடத்தில், பசிலிக்காவுக்கு மிக அருகே, இப்போது ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அழகான முகப்பைப் பார்த்த கையோடு அங்கேயும் போய்வாருங்கள்.

டிக்கெட் விஷயம்: சாந்தா குரோச்சே, துவோமோ என்கிற பேராலயம், சான் மத்தேயோ, சாந்தா கியாரா ஆகிய தேவாலயங்களுக்குச் சேர்த்து ஒரே டிக்கெட் விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அதை வாங்கிக்கொள்வது மேல். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் பிரச்சினை இல்லை. பூசை நடக்கும்போது நடமாடாமல் பின்வரிசையில் உட்காருங்கள்.

துவோமோ சதுக்கம்

பதினொரு மணிக்குள் இங்கே வந்துவிடுங்கள். மூன்று பக்கமும் கட்டடங்களால் அடைத்த சதுக்கம் இது, உள்ளே போகும் வாய் ஒன்றுதான். நுழைந்ததும் எதிரே சிலைகளும் வளைவுகளுமாக நிற்கிறதே, அது தேவாலயத்தின் முகப்பு என்று நினைப்பீர்கள். இல்லை, பக்கவாட்டுச் சுவர். உண்மையான முகப்பு வலப்புறம் திரும்பினால் தெரியும், எளிமையானது. 1659 முதல் 1670 வரை இதைத் திரும்பக் கட்டிய ஜுசெப்பே சிம்பாலோ, வருகிறவர் கண்ணில் முதலில் படுவது எதுவோ அதற்குத்தான் அலங்காரம் என்று முடிவு செய்தார். அந்த வளைவின் உச்சியிலும் ஒரோன்சோ நிற்கிறார்.

இடது மூலையில் சுமார் 70 மீட்டர் உயர மணிக்கோபுரம், அதுவும் சிம்பாலோவின் கைவேலை. லிஃப்ட் இருக்கிறது, தனிக் கட்டணம். மேலே போனால் ஊர் எவ்வளவு தட்டையான நிலத்தில் இருக்கிறது என்பது தெரியும், தெளிவான நாளில் கடலும் தெரியும். வலப்புறம் உள்ள குருமடத்தின் உள்முற்றத்தில் ஒரு கிணறு இருக்கிறது. ஜுசெப்பே சினோ அதை நகைப்பெட்டி போலச் செதுக்கிவைத்திருக்கிறார்.

இரவு சாப்பிட்டு முடித்து இன்னொரு தடவை இந்தச் சதுக்கத்துக்கு வாருங்கள். கூட்டம் குறைந்து விளக்கு வெளிச்சம் மட்டும் இருக்கும்போது காலடி ஓசைகூட எதிரொலிக்கும்.

மதியம் என்ன செய்வது

ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைகளும் சின்னத் தேவாலயங்களும் மூடியிருக்கும். அதை எதிர்த்துச் சண்டை போட முடியாது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் வராதவர்களுக்கு அஸ்கானியோ கிராந்தி தெருவிலுள்ள பஜ்ஜானோ அருங்காட்சியகத்தைச் சொல்வேன். சாப்பாட்டுக்கடை திறக்க நினைத்து வீட்டின் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்யத் தோண்டியவர், தோண்டத் தோண்ட ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த மெசாப்பியரின் கல்லறை, ரோமானியக் காலத் தடயங்கள், பிரான்சிஸ்கன் துறவியரின் அறை என்று அடுக்கடுக்காகக் கண்டெடுத்தார். கடை வரவில்லை, வீடே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. இரும்புப் படிகளில் இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் கவனம்.

மாலை: சான் மத்தேயோ, சாந்தா கியாரா, அப்புறம் ஒரு பட்டறை

சான் மத்தேயோவின் முகப்பு கீழே வெளிப்பக்கம் வளைந்து, மேலே உள்பக்கம் வளைகிறது. லெச்சேயில் இப்படி வேறு ஒன்று இல்லை. வாசல் தூண்களில் ஒன்றில் செதில் போன்ற செதுக்கல் பாதியில் நின்றுபோயிருக்கும். அழகைப் பொறுக்காமல் சாத்தான் சிற்பியைக் கொன்றுவிட்டான் என்பது ஊர்க் கதை.

சாந்தா கியாராவில் அண்ணாந்து பாருங்கள். மரத்தில் செதுக்கியது போலத் தெரியும் அந்தக் கூரை காகிதக்கூழ். பளிங்குக்கும் நல்ல மரத்துக்கும் வசதி இல்லாத ஊர் கண்டுபிடித்த வழி அது, 17ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கிறது. பல தேவாலயங்களில் நீங்கள் கும்பிட்டுவிட்டு வரும் புனிதர் சிலைகளும் காகிதம்தான்.

சுற்றுவட்டாரத் தெருக்களில் இன்னும் பட்டறைகள் இருக்கின்றன. வாசலில் நின்று ‘பெர்மெஸ்ஸோ?’ (உள்ளே வரலாமா?) என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் ஒரு முழ உயர உருவத்துக்கு அங்கி செய்துகொண்டிருந்தார். உள்ளே கம்பியும் வைக்கோலும், மேலே மாவுப் பசையில் ஊறிய காகிதத் தாள்கள். தாளைத் துணி போலவே மடிப்பு மடிப்பாக இழுத்துப் போர்த்தினார். முன்பே காய்ந்திருந்த இன்னொரு உருவத்தை எடுத்து, கரண்டி போன்ற சின்ன இரும்பைத் தணலில் காய்ச்சி அதன் மடிப்புகளில் ஓட்டினார். சுர்ரென்று ஒரு சத்தம், தீய்ந்த ரொட்டி வாசனை, காகிதம் பழுப்பேறித் தோல் போல இறுகியது. அதன்மேல்தான் சுண்ணப் பூச்சும் வண்ணமும் வரும். வாங்குவதாக இருந்தால் வண்ணம் பூசாத பழுப்பு உருவத்தைக் கேட்டு வாங்குங்கள், கைவேலை அதில்தான் தெரியும். டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தக் குட்டி உருவங்களுக்கென்றே ஒரு சந்தை நடக்கிறது, 13ஆம் தேதி புனித லூசியா நாளையொட்டித் தொடங்கும்.

பட்டறையிலிருந்து வெயில் சாயுமுன் மறுபடி சாந்தா குரோச்சேக்கு ஓடுங்கள். காலையில் படித்த அத்தனை முகங்களும் இப்போது நேர் வெளிச்சத்தில் எரியும்.

சாப்பாடு

காலையில் பஸ்திச்சோத்தோ: முட்டை வடிவில், உள்ளே கஸ்டர்டு வைத்துச் சுட்டது. சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், மரபான மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ‘சென்சா ஸ்த்ருத்தோ?’ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்?) என்று கேளுங்கள், வெண்ணெயில் செய்யும் கடைகளும் உண்டு. கோடையில் காபி என்றால் ஐஸ் கட்டிகளின் மேல் ஊற்றிய எஸ்பிரெசோ, அதில் இனிப்பான பாதாம் பால். நின்றுகொண்டு குடித்தால் மலிவு, மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும்.

சைவர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். ‘சீச்செரி எ திரியா’ என்பது கொண்டைக்கடலையும் பட்டை நூடுல்ஸும், நூடுல்ஸில் ஒரு பங்கை எண்ணெயில் பொரித்துக் கடைசியில் சேர்ப்பார்கள், மொறுமொறுப்பும் மென்மையும் சேர்ந்து வரும். மசித்த உலர் மொச்சையுடன் கசப்புக் கீரை இன்னொன்று. இரண்டிலும் பொதுவாக இறைச்சி இல்லை, ஆனாலும் ‘சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே’ (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள், கார்னே என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடலாம். ‘பெத்செத்தி’ என்று பட்டியலில் இருந்தால் அது பெரும்பாலும் குதிரை இறைச்சிக் குழம்பு. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும், அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

மூன்றாம் நாள் இருந்தால்

ஒத்ராந்தோவுக்குப் போங்கள். அங்குள்ள பேராலயத்தின் தரை முழுவதும் 1163 முதல் 1165 வரை பந்தலேயோனே என்ற துறவி அமைத்த மொசைக். உள்ளூர் ரயிலில் போகலாம், இடையில் மாற வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சேவை மிகக் குறைவு, முந்தின நாளே நேரம் பார்த்து வையுங்கள். குளிப்பதற்குக் கடற்கரை தேடுகிறவர்கள் தங்குமிடத்தில் காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வடகாற்று என்றால் மேற்கே அயோனியக் கடல் அமைதியாக இருக்கும், கல்லிப்போலிப் பக்கம் போகலாம். தென்காற்று என்றால் கிழக்கே அட்ரியாட்டிக், ஒத்ராந்தோப் பக்கம். ஊர்க்காரர்கள் காலையில் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள்.

காகித உருவம் வாங்கியிருந்தால் கைப்பையிலேயே எடுத்து வாருங்கள், பெரிய பெட்டியில் போட்டால் விரல்கள் உடைந்துவிடும்.